இடுப்பு மூட்டு மாற்று: எந்த மூட்டு, எந்த வழி என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

அம்மாவுக்கு இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றியாயிற்று. முதலில் வலது, இரண்டரை வருடம் கழித்து இடது. அந்த அலைச்சலுக்குப் பிறகு வன்னியில் எங்கள் விசுவமடு, தருமபுரம் பக்கத்தில் யாருக்காவது "இடுப்பெலும்பு மாத்த வேணுமாம்" என்று சொல்லிவிட்டால் எக்ஸ்ரே உறையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இதுவரை ஏழெட்டுப் பேரோடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பேன். நான் டொக்டர் இல்லை. முடிவு உங்கள் சத்திரசிகிச்சை நிபுணருடையது. ஆனால் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்: எடுத்த எடுப்பிலேயே "எந்தக் கொம்பனி நல்லது?" என்று கேட்பது. அந்தக் கேள்விக்குக் கீழே எட்டாவது இடம் கொடுத்திருக்கிறேன். முன்னால் உள்ளவற்றுக்குப் பதில் தெரியாமல் அதைக் கேட்டால் கிடைக்கிற பதிலால் ஒரு பயனும் இல்லை.

1. வலி எங்கே என்று விரலால் காட்டப் பழகுங்கள்

நம் ஊரில் "இடுப்பு நோகுது" என்றால் பாதிப் பேர் சொல்வது நாரியை. இடுப்பு மூட்டு பழுதானால் வலி அநேகமாகக் கவட்டுக்குள் இருக்கும், இல்லாவிட்டால் தொடையின் முன்பக்கம் இறங்கும். சிலருக்கு முழங்காலில் மட்டும்தான் தெரியும். எங்கள் சின்னம்மா ஒருவர் எட்டு மாதம் முழங்காலுக்கு எண்ணெய் போட்டு உருவினார், முழங்காலுக்கு இரண்டு முறை எக்ஸ்ரேயும் எடுத்தார், கடைசியில் பார்த்தால் அழிந்திருந்தது இடுப்பு மூட்டு.

செருப்பு மாட்டக் குனிய முடிகிறதா, சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடிகிறதா, எத்தனை அடி நடந்தால் நிற்க வேண்டி வருகிறது: இந்த மூன்றையும் சொல்லுங்கள். வெறுமனே "சரியான நோ டொக்டர்" என்பதைவிட இதில் அவருக்கு நிறைய விளங்கும்.

2. பழைய கடதாசி எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள்

கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, சாப்பிடும் குளிசைகளின் அட்டைகள். இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவர்கள் (அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின்) அதை முதல் வசனமாகவே சொல்ல வேண்டும். மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டிருந்தால் திகதியைச் சொல்லுங்கள். ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டை மாற்றினால் கிருமி பிடிக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை, இரண்டு இடுப்பும் ஒன்றாகத் தெரியும்படி முன்னாலிருந்து எடுத்தது ஒன்று, பக்கவாட்டில் எடுத்தது ஒன்று வேண்டும். நோகிற பக்கத்தை மட்டும் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு கால் நீள வித்தியாசத்தை அளக்க முடியாது.

இனி நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம். யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டு உடம்பில் இருக்கிறவர்கள் அதைச் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள், பதினைந்து வருடம் ஒன்றும் செய்யவில்லைதானே என்று. சொல்லுங்கள். இடுப்பைச் சுற்றிய பழைய காயத்தில் கிருமி ஒளிந்திருக்கலாம், அதைச் சோதிக்காமல் புது மூட்டு வைக்க மாட்டார்கள். உலோகத் துண்டோடு எம்ஆர்ஐ எடுப்பதும் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய காரியம். பழைய தழும்பு எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்து எந்தப் பக்கத்தால் திறப்பது என்ற முடிவும் மாறலாம்.

ஒரு காலுக்குப் பொய்க்கால் போட்டிருந்தால் அதைப் போட்டுக்கொண்டே கிளினிக்குக்குப் போங்கள். கால் நீளத்தை அந்தக் காலோடு நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதலில் உங்கள் பாரத்தில் பெரும்பகுதி அந்தக் காலில்தான் இறங்கும், ஆகவே அது நன்றாகப் பொருந்துகிறதா என்றும் முன்னமே பார்த்துவிடுங்கள்.

3. ஏன் பழுதானது, முழு மாற்றா அரை மாற்றா

இதைக் கேட்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தேய்மானமா, வாதமா, தொடையெலும்பின் தலை பொருந்தி நிற்கும் இடுப்பெலும்புக் கிண்ணம் பிறவியிலேயே ஆழமில்லாமல் இருந்ததா, இரத்த ஓட்டம் நின்று தொடையெலும்பின் தலை செத்துப்போனதா? கடைசியாகச் சொன்னது ஸ்டீரொயிட் குளிசையை நீண்ட காலம் எடுத்தவர்களுக்கும் கசிப்பு, சாராயம் அளவில்லாமல் குடித்தவர்களுக்கும் இளவயதிலேயே வரும். மற்றப் பக்கத்துக்கும் வரக்கூடியது என்பதால் அந்தப் பக்கத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் கதை வேறு. அங்கே ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, ஓரிரு நாளுக்குள் செய்துவிடுவதுதான் நல்லது. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அரை மாற்றுச் செய்வார்கள்: பந்தும், தொடையெலும்புக்குள் இறங்கி அதைத் தாங்கும் தண்டும் மட்டும் புதிது, கிண்ணம் அவருடையதே. ஒஸ்டின் மூர், தொம்சன், பைபோலார் என்று நீங்கள் கேள்விப்படுகிற பெயர்கள் எல்லாம் இந்த அரை மாற்று வகைதான். விழும்வரை தன் பாட்டில் வெளியே நடந்து திரிந்தவர், நினைவு தெளிவானவர், உடம்பு தாங்கக்கூடியவர் என்றால் முழு மாற்றுச் செய்யலாமா என்று கேட்கலாம். தேய்மானத்துக்கு என்றால் முழு மாற்றுத்தான், ஏனென்றால் கிண்ணமும் சேர்ந்தே அழிந்திருக்கும்.

4. ஒரு நாள் முழுக்க வீட்டில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. எனக்குக் கேட்டால் இதுதான் முக்கியமானது.

கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு காலையிலிருந்து இரவுவரை எழுதுங்கள். அம்மாவுக்கு நான் எழுதியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பாயிலிருந்து எழும்புகிறார். குந்தி இருக்கிற கக்கூஸ். முற்றம் கூட்டக் குனிகிறார். தேங்காய் துருவத் துருவலையில் உட்காருகிறார், அந்தப் பலகை நிலத்திலிருந்து நாலு விரல் உயரம்கூட இல்லை, முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வருகிறது, போதாததற்கு ஒரு காலை உள்ளே மடித்துச் சாய்ந்து துருவுகிறார். கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டு முட்டை எடுக்கிறார். பின்னேரம் சம்மணம் கட்டிக்கொண்டு கீரை ஆய்கிறார்.

மாற்றிய மூட்டு கழன்று வெளியே வருவதற்குத் தேவையான அசைவுகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. பின்பக்கத்தால் திறந்து செய்தவர்களுக்கு 90 பாகைக்கு மேல் மடித்து, முழங்காலை உள்ளே சாய்த்து, பாதத்தை வெளியே தள்ளி உட்கார்ந்தால் பந்து பின்பக்கமாக வெளியேறலாம். துருவலையில் உட்காருகிற மாதிரி அச்சொட்டாக அதுதான்.

அந்தப் பட்டியலை அப்படியே டொக்டரிடம் காட்டுங்கள். "இதில் எதெல்லாம் திரும்பச் செய்யலாம், எதெல்லாம் இனிமேல் இல்லை, எத்தனை மாதத்தில்?" என்று கேளுங்கள். பந்தின் அளவு, கிண்ணத்தின் வகை, திறக்கும் பக்கம் மூன்றையும் தீர்மானிக்கும்போது அவர் இதையும் கணக்கில் எடுப்பார். வயல் வேலை செய்கிற 48 வயதுக்காரருக்கும் கோயிலுக்கும் வீட்டுக்கும் மட்டும் நடக்கிற 76 வயது ஆச்சிக்கும் ஒரே மூட்டு பொருந்தாது.

5. சீமெந்தா, சீமெந்து இல்லாமலா

"சீமெந்து" என்றதும் ஒருவர் பயந்துபோய் என்னிடம் வந்தார், கட்டுமானச் சீமெந்து என்று நினைத்து. இது அக்கிரிலிக் வகைப் பசை. மாவும் திரவமும் கலந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும், அறை சூடு கூடினால் இன்னும் சீக்கிரம். அநேகமாக அதற்குள்ளேயே கிருமிக்கொல்லி மருந்தும் கலந்திருக்கும்.

சீமெந்து இல்லாத வகையில் தண்டின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், அல்லது எலும்பிலுள்ள கனிமம் போன்ற பூச்சு பூசியிருக்கும். இறுக்கமாக அடித்து ஏற்றுவார்கள், பிறகு சில வாரங்களில் எலும்பு அதைப் பிடித்து வளரும். இதற்கு எலும்பு நன்றாக இருக்க வேண்டும்.

தெரிவு உங்கள் எக்ஸ்ரேயில் இருக்கிறது. தொடையெலும்பின் உட்குழி மேலே அகன்று கீழே ஒடுங்கிப் புனல் மாதிரி இருந்தால், சுவரும் தடிப்பாக இருந்தால், சீமெந்து இல்லாத தண்டு நன்றாக இறுகும். வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்து, குழி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாகக் குழாய் மாதிரி ஆகிவிடுகிறது. அதில் அடித்து ஏற்றினால் எலும்பு வெடிக்கும் ஆபத்து உண்டு, அவர்களுக்குச் சீமெந்துத் தண்டுதான் பாதுகாப்பு. சீமெந்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை: அதை உள்ளே அழுத்தும்போது சிலருக்கு இரத்த அழுத்தம் சடாரென்று விழும், ஆகவே இருதயம், நுரையீரல் பலவீனமானவர்கள் மயக்க மருந்து டொக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது.

இரண்டையும் கலப்பதும் உண்டு, தண்டு சீமெந்தோடு, கிண்ணம் சீமெந்து இல்லாமல். அம்மாவின் இரண்டு பக்கமும் அப்படித்தான்.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கிற பிழை, "சீமெந்து இல்லாததுதான் புதுசு, அதனால் நல்லது" என்று பிள்ளைகள் கனடாவிலிருந்து வட்சப்பில் சொல்வது. புதிது, பழையது என்று பார்க்க இது போன் வாங்குகிற விஷயமில்லை. எக்ஸீட்டர் என்கிற சீமெந்துத் தண்டு 1970 இலிருந்து பாவனையில் இருக்கிறது. சீமெந்து இல்லாத கொரைல் தண்டு 1986 இலிருந்து. இரண்டுமே நீண்ட காலப் பதிவுகளில் நன்றாக நின்றவை.

6. பந்தும் உள்ளுறையும்

கிண்ணத்துக்குள் ஓர் உறை இருக்கும், பந்து அதில்தான் உரசும். உறை பெரும்பாலும் பொலித்தீன் இனத்தைச் சேர்ந்த கெட்டிப் பிளாஸ்டிக். ஷொப்பிங் பை ஞாபகம் வரும், வந்தால் வரட்டும். 1990களின் கடைசியில் வந்த, கதிர் பாய்ச்சி இறுக்கிய வகை முந்தியதைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. "இறுக்கிய பிளாஸ்டிக்கா?" என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

பந்து உலோகமாகவோ பீங்கானாகவோ இருக்கலாம். பீங்கான் வழுவழுப்பு, தேய்மானம் குறைவு, விலை கூட. வயது குறைந்தவர்களுக்குப் பீங்கான் பந்தும் பிளாஸ்டிக் உறையும் நல்ல சேர்க்கை. 75 தாண்டியவர்களுக்கு உலோகப் பந்தே போதும் என்பது பல டொக்டர்களின் எண்ணம், கடன்பட்டுப் பீங்கான் வாங்கத் தேவையில்லை. பந்தும் உறையும் இரண்டுமே பீங்கான் என்றால் சிலருக்குக் கீச்சிடும் சத்தம் வரும், அரிதாக உடையவும் செய்யும். பெரிய உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் நேரடியாக உரசுகிற வகையை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உலோகத் துகள் சுற்றியிருக்கிற தசையை அழித்ததால்தான் அது ஏறக்குறைய கைவிடப்பட்டது.

பந்தின் அளவு 28, 32, 36 மில்லிமீற்றர் என்று வரும். பெரிய பந்து கழன்று வர அதிக தூரம் நகர வேண்டும், அதனால் கழலும் வாய்ப்புக் குறைவு. ஆனால் சிறிய எலும்புள்ள பெண்களின் கிண்ணத்தில் 36 ஐ வைக்க முயன்றால் உறை மெலிந்துவிடும், ஆகவே அளவை நீங்கள் அடம்பிடித்துக் கேட்காதீர்கள். கழலும் ஆபத்து உண்மையில் அதிகம் உள்ளவர்களுக்கு இரட்டை அசைவுக் கிண்ணம் என்று ஒன்று உண்டு, பந்துக்குள் பந்து மாதிரி இரண்டு இடத்தில் அசையும். நாரி எலும்பு விறைத்துப்போனவர்கள், நடுக்க வாதம் உள்ளவர்கள், ஏற்கெனவே ஒருமுறை கழன்றவர்கள் இதைப் பற்றிக் கேட்கலாம்.

7. எந்தப் பக்கத்தால் திறப்பது

மூன்று வழிகளைத்தான் அதிகம் கேள்விப்படுவீர்கள்.

பின்பக்க வழி உலகத்தில் அதிகம் செய்யப்படுவது. நடக்கத் தேவையான பக்கத்துப் பெரிய தசையை அது தொடாது. பின்னாலுள்ள சிறிய தசைகளை வெட்டி, முடிவில் திரும்பத் தைப்பார்கள். கழலும் ஆபத்து இதில்தான் கூட என்ற பெயர் உண்டு, ஆனால் மூட்டைச் சுற்றிய சவ்வையும் தசையையும் ஒழுங்காகத் திரும்பத் தைத்தால் அது நன்றாகக் குறைகிறது. "பின்பக்கத்தைத் திரும்பத் தைப்பீர்களா?" என்று கேட்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பக்கவாட்டு வழியில் கழல்வது குறைவு. ஆனால் அந்தப் பெரிய தசையின் ஒரு பகுதியைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும், அது சரியாக ஒட்டாவிட்டால் நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும். தோட்டத்தில் தண்ணீர்க் குடம் தூக்கி நடக்கிறவருக்கு அந்தச் சாய்வு பெரிய தொல்லை.

முன்பக்க வழியைத்தான் இப்போது எல்லோரும் யூடியூப்பில் பார்த்துவிட்டு வருகிறார்கள். தசையை வெட்டாமல் இரண்டு தசைக்கு நடுவால் போகிறார்கள், முதல் சில வாரம் நோவு குறைவு, சீக்கிரம் நடக்கலாம், எல்லாம் உண்மைதான். மூன்று மாதத்துக்குப் பிறகு பார்த்தால் மற்ற வழியில் செய்தவரும் அநேகமாக அதே இடத்துக்கு வந்திருப்பார். தொடையின் வெளிப்பக்கம் விறைப்பது, செய்யும்போது தொடையெலும்பு வெடிப்பது, வயிறு தொங்குகிறவர்களுக்குக் காயம் ஆறத் தாமதிப்பது என்று இதற்கும் பிரச்சினைகள் உண்டு. கை பழகப் பல டசின் சத்திரசிகிச்சை வேண்டும் என்பது இதில் பெரிய விஷயம்.

அதனால் என் அபிப்பிராயம்: வழியை நீங்கள் தெரிவு செய்யாதீர்கள். "நீங்கள் வழக்கமாக எந்த வழியில் செய்கிறீர்கள், வருடத்தில் எத்தனை செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பின்பக்கத்தால் நூறு செய்தவரை, மகன் சொன்னான் என்பதற்காக முன்பக்கத்தால் செய்யச் சொல்லி நெருக்கினால் பழகாத கைக்கு உங்கள் உடம்பைக் கொடுக்கிறீர்கள். தெரிந்த வழியைச் சொன்ன பிறகு அதற்குரிய கவனங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவை மாறும்: பின்பக்கம் என்றால் மடக்கி உள்ளே திருப்பக் கூடாது, முன்பக்கம் என்றால் காலைப் பின்னால் நீட்டி வெளியே திருப்பக் கூடாது. பக்கத்து வீட்டாரின் கவனங்களை நீங்கள் கடைப்பிடித்துப் பயனில்லை.

8. இப்போது கொம்பனியைக் கேளுங்கள்

கேட்கும்போதும் கொம்பனிப் பெயரோடு நிற்காதீர்கள், மாதிரியின் பெயரைக் கேளுங்கள், தண்டுக்கு ஒன்று, கிண்ணத்துக்கு ஒன்று. உலோகத்தில் உலோகம் உரசும் ஏஎஸ்ஆர் என்ற மாதிரி 2010 இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. மேலே நான் நன்றாக நின்றது என்று சொன்ன கொரைல் தண்டை விற்றதும் அதே கொம்பனிதான்.

இங்கிலாந்தில் 2003 இலிருந்தும் அவுஸ்திரேலியாவில் 1999 இலிருந்தும் வைத்த மூட்டுகளைப் பதிவேட்டில் எழுதி, எது எத்தனை வருடம் நின்றது என்று வருடாவருடம் வெளியிடுகிறார்கள். இங்கிலாந்தின் ஓடெப் என்ற குழு ஒவ்வொரு மாதிரிக்கும் 10ஏ, 13ஏ, 15ஏ என்று தரம் கொடுக்கிறது. முன்னால் உள்ள எண், எத்தனை வருடச் சான்று என்பதைச் சொல்லும். பத்து வருடத்தில் திரும்ப மாற்ற வேண்டி வந்தவை 100 க்கு 5 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உதவ விரும்பினால் இந்தத் தேடலை அவர்களிடம் விடுங்கள், அது உருப்படியான வேலை.

எத்தனை காலம் நிற்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். 2019 இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வுப்படி 25 வருடத்தில் 100 க்கு ஏறக்குறைய 58 மூட்டு அப்படியே நிற்கிறது.

காசைப் பற்றிச் சுருக்கமாக: அரசாங்க ஆசுப்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் மூட்டை வெளியே வாங்கித் தரச் சொல்லும் நிலை வரலாம். விலைத் துண்டில் தண்டு, பந்து, கிண்ணம், உறை, திருகாணி, சீமெந்து எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். நான் ஒருவரோடு போனபோது உறையின் விலை துண்டில் இல்லை, சத்திரசிகிச்சைக்கு முதல்நாள்தான் தெரிந்தது, இரவோடிரவாக நகையை அடகு வைத்தார்கள். ஜனாதிபதி நிதியத்துக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். காசைக் கட்டுவதற்கு முன் அங்கே போய் என்ன கிடைக்கும், எந்தக் கடதாசி வேண்டும் என்று கேளுங்கள்.

9. திகதி கிடைத்த பிறகு, ஆசுப்பத்திரியில் படுக்கப் போவதற்கு முன்

பல்லைக் காட்டுங்கள், சொத்தை இருந்தால் முதலில் அதை முடியுங்கள். சலக்கடுப்பு இருந்தால் சொல்லுங்கள். விதைப்புக் காலத்தில் வயலுக்குள் நிற்கிறவர்கள் கால்விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும். சேற்றுப்புண் இருந்தால் திகதியைத் தள்ளிவைப்பார்கள், தள்ளத்தான் வேண்டும், புண்ணிலிருந்து கிருமி புது மூட்டில் போய் உட்கார்ந்தால் மூட்டையே கழற்ற வேண்டி வரும். சீனி வருத்தக்காரர் மூன்று மாதச் சராசரியை (எச்பிஏ1சி) 8 வீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள்.

வீட்டில் கட்டில் வேண்டும், பாய் சரிவராது. கக்கூஸுக்குக் கதிரை வேண்டும். பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வெட்டிக் குந்து கக்கூஸுக்கு மேல் வைப்பது நம் பக்கத்து வழக்கம், அது பரவாயில்லை, ஆனால் வெட்டின விளிம்பைச் சூடான கத்தியால் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் தொடையை அறுக்கும். ஈர நிலத்தில் கால் விரிந்து சறுக்காமல் அடியில் றப்பர் போடுங்கள். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது, இருக்கிற எல்லாக் கதிரைக்கும் இதே அளவுதான். முள்ளியவளையில் ஒரு மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கதிரை தேடினார்கள், மூன்று நாள் அவர் மலங்கழிக்காமலே கிடந்தார்.

திரும்பி வர ஓட்டோ வேண்டாம். காரின் முன் இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்த்து, இருக்கையில் ஒரு பெரிய ஷொப்பிங் பையை விரித்து, முதலில் பின்புறமாக உட்கார்ந்து பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்புங்கள். பை வழுக்கும், உடம்பு முறுகாமல் திரும்பும். ஏ9 வீதியில் பிரச்சினை இல்லை, கிரவல் றோட்டுக்கு இறங்கிய பிறகு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

10. வோட்டை (ஆசுப்பத்திரி விடுதியை) விட்டு வரும்போது

மூட்டுப் பெட்டிகளுக்குள் ஒட்டுகிற லேபிள்கள் இருக்கும், மாதிரிப் பெயரும் அளவும் தொகுதி இலக்கமும் அச்சடித்தவை. அவற்றைக் கிளினிக் கொப்பியில் ஒட்டித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து உறையை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், அப்போது இருக்கும் டொக்டருக்கு இந்த இலக்கம் இல்லாமல் எந்த உறை பொருந்தும் என்று தெரியாது. கொப்பி மழையில் நனையும், கறையான் தின்னும். படம் எடுத்து இரண்டு பேருடைய போனில் வையுங்கள்.

இரத்தம் கட்டாமல் இருக்கத் தந்த ஊசியையோ குளிசையையோ சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். கெண்டைக்கால் வீங்கி நொந்தால், மூச்சு வாங்கினால், உடனே ஆசுப்பத்திரி.

காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ பார்மசியில் கிருமிக்கொல்லி வாங்கிப் போடாதீர்கள். நீரை எடுத்துச் சோதிக்கும் முன் அந்தக் குளிசை உள்ளே போய்விட்டால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். குளிசை போடாமல், கொப்பியையும் எடுத்துக்கொண்டு, சத்திரசிகிச்சை செய்த அதே வோட்டுக்கு அன்றைக்கே போங்கள்.